ஃபைப்ரினோஜன் மாடல் கட்டுவது எப்படி: எங்கே விறைப்பு, எங்கே கீல், எங்கே தொளதொள

அறிவியல் கண்காட்சிகளில் ஃபைப்ரினோஜன் என்று எழுதி வைத்திருக்கும் மாடலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குச்சி, அதில் மூன்று தெர்மாகோல் உருண்டை. நடுவில் ஒன்று, இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. பெயின்ட் அடித்துப் பெயர் ஒட்டினால் வேலை முடிந்தது. 1959-ல் ஹால், ஸ்லேட்டர் என்ற ஆராய்ச்சியாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்ததும் ஏறக்குறைய இதைத்தான். அதனால் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் குச்சி மாடலைக் கையில் எடுத்தால் அது ஒன்றும் செய்யாது. வளையாது, பிடிக்காது, இழுபடாது. ஃபைப்ரினோஜன் ரத்தத்தை உறைய வைக்கிற புரதம். அந்த வேலையோ முழுக்க வளைவதிலும் பிடிப்பதிலும் இழுபடுவதிலும்தான் இருக்கிறது.

நான் மதுரையில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள், திருநகரில் குடியிருக்கிறேன். ரத்த உறைவு டெஸ்ட் பார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. அண்ணன் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். அவளும் அவள் சிநேகிதிகளும் கேட்டதால் இந்த மாடலைச் சேர்ந்து கட்டினோம். செலவு அதிகம் இல்லை, பொறுமைதான் வேண்டும். நீங்களும் கட்டலாம்.

ஃபைப்ரினோஜனை அறியாதவர்களுக்கு நாலு வரி. கல்லீரல் செய்து ரத்தத்தில் விடுகிற புரதம் இது. ஒரு டெசிலிட்டர் பிளாஸ்மாவில் 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று வகைச் சங்கிலி, ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக ஆறு. ஆல்ஃபாவில் 610 அமினோ அமிலம், பீட்டாவில் 461, காமாவில் 411. ஆறையும் 29 டைசல்ஃபைடு பிணைப்புகள் (இரண்டு கந்தக அணுக்கள் கோத்துக்கொள்கிற பிணைப்பு) தைத்து வைத்திருக்கின்றன. மொத்த எடை சுமார் 340 கிலோடால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு), நீளம் சுமார் 45 நானோமீட்டர். காயம் பட்டால் த்ராம்பின் என்ற நொதி வந்து இதில் சின்னத் துண்டுகளை வெட்டிவிடும். வெட்டுப்பட்டவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஃபைப்ரின் இழையாகி வலை பின்னும்.

முதலில் திரையில் பாருங்கள்

கயிறு வாங்கக் கிளம்புவதற்கு முன் நிஜ வடிவத்தைப் பார்த்துவிட வேண்டும். புரோட்டீன் டேட்டா பேங்க் இணையதளத்தில் 3ஜிஎச்ஜி என்ற எண்ணைத் தேடுங்கள் (ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). ரஸ்ஸல் டூலிட்டில் குழுவினர் 2009-ல் வெளியிட்ட மனித ஃபைப்ரினோஜனின் படிக அமைப்பு அது. செல்போனிலேயே முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். முதலில் திறக்கும்போது பன்னிரண்டு சங்கிலிகள் தெரியும், குழம்ப வேண்டாம். பக்கத்தில் பக்கமாக இரண்டு மூலக்கூறு இருக்கிறது, அவ்வளவுதான். ஏ முதல் எஃப் வரை ஒன்று, ஜி முதல் எல் வரை இன்னொன்று. இரண்டாவதை மறைத்துவிட்டு, சங்கிலிக்கு ஒரு நிறம் கொடுங்கள்.

அப்புறம் ஒரு காரியம் செய்யுங்கள். ஆல்ஃபா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அதன் எண் வரிசையில் போய்க்கொண்டே இருங்கள். 610 வரை போக வேண்டியது 200-ஐ ஒட்டி நின்றுவிடும். அதற்குமேல் படத்தில் ஒன்றுமே இல்லை. மூலக்கூறிலேயே இல்லாமல் இல்லை, அசைந்துகொண்டே இருப்பதால் பதியவில்லை. எக்ஸ்ரே படிகப் படம் என்பது கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரி. எல்லா மூலக்கூறிலும் ஒரே இடத்தில் நிற்கிற பகுதி தெளிவாக விழும். ஆளுக்கு ஒரு பக்கம் ஆடுகிற பகுதி கலைந்துபோகும். த்ராம்பின் வெட்டுகிற துண்டுகளும் அப்படித்தான் காணாமல் போயிருக்கும், காமா சங்கிலியின் வால் நுனியும் அப்படித்தான். உறைவில் மும்முரமாக வேலை செய்கிற இடங்கள் இவையே என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே மாடல் கட்டும்போது படத்தை மட்டும் நம்பினால் பாதி மூலக்கூறைத்தான் கட்டுவீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: இது விறைப்பா, கீலா, தொளதொளவா? இந்தக் கட்டுரையே அதைப் பற்றித்தான்.

இன்னொரு விஷயம், எண் குழப்பம். சில இணையதளங்களில் எண்கள் ஒத்துப்போகாது. செல்லை விட்டு வெளியேறும்போது வெட்டி எறியப்படும் முன்பகுதியையும் சேர்த்து எண்ணுவதுதான் காரணம். ஆல்ஃபாவுக்கு 19, பீட்டாவுக்கு 30, காமாவுக்கு 26 கழித்துக்கொண்டால் சரியாக வரும். இதைத் தெரியாமல் பிள்ளைகள் ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்

1 நானோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற அளவில் கட்டினோம். அப்போது மூலக்கூறு 90 சென்டிமீட்டர் வரும். நடு முடிச்சு 10, இரண்டு முனைகளும் தலைக்கு 13, இடையில் உள்ள தண்டுகள் தலைக்கு 27. கூட்டிப் பார்த்தால் 90 சரியாக வரும்.

தண்டுக்கு 10 மில்லிமீட்டர் நைலான் கயிறு, மூன்று நிறத்தில். ஆல்ஃபாவுக்கு நீலம், பீட்டாவுக்குப் பச்சை, காமாவுக்குச் சிவப்பு. ஹார்டுவேர் கடையில் எடை போட்டுக் கொடுப்பார்கள். மூன்று மூலக்கூறு கட்டப் போகிறோம், நிறத்துக்கு 3 மீட்டர் போதும். ஒரு தென்னை விளக்குமாறு, அதாவது ஈர்க்கு. கட்டுக்கம்பி கொஞ்சம். 7 சென்டிமீட்டர் தெர்மாகோல் உருண்டை பன்னிரண்டு. காது குடையும் பட்ஸ், ஸ்ட்ரா, நீலத்திலும் சிவப்பிலும் உல்லன் நூல், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், பழைய துணி. வெல்க்ரோ ஒரு முழம். முன்பு புது மண்டபத்தில் இருந்த தையல் சாமான் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றன. உல்லன், வெல்க்ரோ எல்லாம் அங்கே ஒரே இடத்தில் முடிந்துவிடும்.

ஒயர், பைப், கிளே என்று பலரும் பலதைச் சொன்னார்கள். நான் கயிறுதான் வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் இருக்கிறது.

தண்டு

இரண்டு முனைக்கும் நடுவுக்கும் இடையில் இருக்கிற தண்டு என்பது மூன்று சங்கிலிகளும் சேர்ந்து முறுக்கிக்கொண்ட பகுதி. ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள்ளேயே ஒரு சுருள், அதாவது ஆல்ஃபா ஹீலிக்ஸ் (ஆல்ஃபா சங்கிலிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை). அது வலது கைச் சுருள். மூன்று சுருளும் ஒன்றையொன்று சுற்றும்போது அந்தப் பெரிய முறுக்கு இடது கைப் பக்கம் போகும்.

கடையில் வாங்கிய கயிற்றை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான கயிறுகளில் புரிகள் இடது கீழிலிருந்து வலது மேலாக ஏறியிருக்கும். அது வலது கை முறுக்கு. இப்போது மூன்று கயிற்றையும் சேர்த்து அதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்குங்கள், கோடுகள் வலது கீழிலிருந்து இடது மேலாக ஏறும்படி. தண்டு தானாகப் பிடித்து நிற்கும், விட்டாலும் பிரியாது. அதே பக்கம் முறுக்கினால் கயிறு முண்டிக்கொண்டு முடிச்சு விழும். கயிறு திரிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான், எதிர்முறுக்கில்தான் கயிறு நிற்கும். புரதமும் அதே கணக்கில் நிற்பதைக் கையால் உணர்த்த வேறு சாமான் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு கயிற்றிலும் 45 சென்டிமீட்டரில் ஆறு துண்டு வெட்டுங்கள். நுனிகளை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டி உருக்கிவிடுங்கள், இல்லையென்றால் பிரிந்துகொண்டே வரும். பிள்ளைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், உருகின நைலான் விரலில் ஒட்டினால் தோலோடு வரும். நீலம், பச்சை, சிவப்பு ஒவ்வொன்றாக எடுத்து ஒருவர் ஒரு நுனியைப் பிடிக்க, இன்னொருவர் முறுக்க வேண்டும். ரொம்ப இறுக்க வேண்டாம். நிஜத்தில் இது நிதானமான முறுக்கு.

முறுக்கிய 27 சென்டிமீட்டரின் இரண்டு பக்கமும் கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுங்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. தண்டின் இரண்டு முனையிலும் மூன்று சங்கிலிகளையும் வளையமாகப் பிணைக்கிற டைசல்ஃபைடு பிணைப்புகள் நிஜமாகவே உண்டு. கம்பி அதற்குப் பதில்.

இப்போதுதான் முக்கியமான வேலை. தண்டின் மூன்று கயிற்றுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில் 12 சென்டிமீட்டர் ஈர்க்கு மூன்று நான்கைச் சேர்த்து ஒரு முனையிலிருந்து செருகுங்கள். இன்னொரு முனையிலிருந்தும் அதேபோல 12 சென்டிமீட்டர். நடுவில் 3 சென்டிமீட்டர் ஈர்க்கு இல்லாமல் நிற்கும். அந்த 3 சென்டிமீட்டர்தான் கீல். இரண்டு பக்கமும் நேராக நிற்க, நடுவில் மட்டும் தண்டு மடங்கும்.

இந்தக் கீலை நான் கற்பனையாக வைக்கவில்லை. தண்டின் நடுப்பகுதியில் சுருள் ஓரிடத்தில் குலைந்திருக்கிறது. ஜெர்மனியின் மைன்ஸில் இருந்து 2015-ல் வந்த கணினி உருவகப்படுத்தல் ஆய்வு ஃபைப்ரினோஜனை நீரில் போட்டு அணு அணுவாக அசைய விட்டுப் பார்த்தது. மூலக்கூறு அந்த இடத்தில்தான் மடங்குகிறது என்று காட்டியது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் சில மூலக்கூறு நேராகவும் சில வளைந்தும் கிடப்பதற்கு இது ஒரு விளக்கம். ஈர்க்கு இருக்கிற பகுதியும் அழுத்தினால் லேசாக வளையும். வளையட்டும், தண்டு இரும்புக் கம்பி இல்லை. இதனால்தான் ஈர்க்குக்குப் பதில் மூங்கில் குச்சி வேண்டாம் என்கிறேன்.

இதே கீலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. காயம் ஆறிய பிறகு உறைவைக் கரைக்க வருகிற பிளாஸ்மின் என்ற நொதி தண்டின் நடுவில்தான் வெட்டும். சுருள் குலைந்து திறந்திருக்கிற இடத்தில் நொதிக்கு வாய் வைக்க வசதி. கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு பேசிய டி-டைமர் டெஸ்ட் இந்த வெட்டில் மிஞ்சுகிற துண்டைத்தான் தேடுகிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

நடு முடிச்சு

ஆறு சங்கிலிகளின் தொடக்க நுனிகளும் நடுவில் சந்திக்கின்றன. இரண்டு தண்டுகளை எதிரெதிராக வைத்து, மிஞ்சிய கயிற்று நுனிகளை ஒன்றோடொன்று பின்னிக் கட்டி, அதன்மேல் துணி சுற்றி 10 சென்டிமீட்டர் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டு பாதிகளும் கண்ணாடிப் பிம்பம் இல்லை. ஒரே மாதிரி இரண்டு பாதி செய்து, ஒன்றை அப்படியே 180 டிகிரி திருப்பி எதிரே வைப்பதுதான் சரி. ஒரு பாதியில் முறுக்கை மாற்றிச் சுற்றி அழகுக்காகப் பிம்பமாக்கினால், இடது கை முறுக்கு ஒன்று வலது கை ஆகிவிடும். அப்படி ஒரு புரதம் இல்லை.

முடிச்சிலிருந்து நாலு பட்ஸ் வெளியே நீட்ட வேண்டும். இரண்டு ஆல்ஃபாவின் குமிழ், இரண்டு பீட்டாவின் குமிழ். குமிழ் என்பது இன்னொரு மூலக்கூறின் குழியில் போய் உட்காருகிற நுனி. பஞ்சு நுனி வெளியே இருக்கட்டும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன ஸ்ட்ரா துண்டை உறையாகப் போட்டு மூடுங்கள். அந்த உறைதான் ஃபைப்ரினோபெப்டைடு. ஆல்ஃபாவில் அது 16 அமினோ அமிலம், பீட்டாவில் 14. த்ராம்பின் ஆல்ஃபா உறையை வேகமாகவும் பீட்டா உறையைச் சற்று நிதானமாகவும் வெட்டும். வெட்டியதும் குமிழ் வெளிப்படும். ஆல்ஃபாவில் கிளைசின், புரோலின், ஆர்ஜினின் என்று தொடங்கும். பீட்டாவில் கிளைசின், ஹிஸ்டிடின், ஆர்ஜினின், புரோலின்.

கவனியுங்கள், 340 கிலோடால்டன் எடையுள்ள மூலக்கூறில் த்ராம்பின் வெட்டி எறிவது மொத்தம் 60 அமினோ அமிலம். அவ்வளவு சின்ன வெட்டுக்குத்தான் திரவமாக ஓடிய ரத்தம் கட்டியாகிறது.

முனைகள்

ஒவ்வொரு முனைக்கும் இரண்டு தெர்மாகோல் உருண்டை. கடைக்கோடியில் இருப்பது காமா, சிவப்பு அடியுங்கள். அதை ஒட்டிச் சற்றுச் சாய்ந்து தண்டுப் பக்கம் இருப்பது பீட்டா, பச்சை. ஒட்டும் இடத்தில் கொஞ்சம் தட்டையாக்கினால் சேர்த்து 13 சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஒவ்வொரு உருண்டையிலும் பட்ஸ் நுழைகிற அளவுக்குப் பென்சிலால் ஒரு குழி. காமாவின் குழியில் ஆல்ஃபாவின் குமிழ் போய் உட்காரும், பீட்டாவின் குழியில் பீட்டாவின் குமிழ். குழிகள் எப்போதுமே திறந்துதான் இருக்கின்றன. மூடி இருப்பது குமிழ் பக்கம் மட்டும். ரத்தம் நமக்குள் உறையாமல் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இந்தப் புரதத்தில் ஒட்டியிருக்கிற சர்க்கரைக்கு நாலு ஜிகினா மணி. ஒவ்வொரு பாதியிலும் பீட்டா உருண்டையில் ஒன்று, காமா கயிற்றில் நடு முடிச்சுப் பக்கமாக ஒன்று. ஒட்டிவிட்டு நகருங்கள்.

தொங்குகிற நூல்கள்

இதை ஒரு தனி வேலையாகச் செய்யுங்கள், அவசரத்தில் கடைசியாக அல்ல.

ஆல்ஃபா சங்கிலி முனைப் பக்கம் போனபிறகு பீட்டாவையும் காமாவையும்போல உருண்டையாக மடிவதில்லை. திரும்பிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. 221-லிருந்து 391 வரை வடிவம் என்று ஒன்றும் இல்லாத நூல். 392-லிருந்து 610 வரை சின்னதாக, அரைகுறையாக மடிந்த ஒரு நுனி. இந்த முழுப் பகுதிக்கும் ஆல்ஃபா-சி என்று பெயர்.

நூலின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 171 அமினோ அமிலம், முழுக்க நீட்டினால் ஒன்றுக்கு ஏறக்குறைய 0.36 நானோமீட்டர். சுமார் 61 நானோமீட்டர் ஆயிற்று. மூலக்கூறின் மொத்த நீளமே 45-தான். மாடல் அளவில் 120 சென்டிமீட்டருக்குக் குறையாத நீல உல்லன், தண்டு முனையில் சேரும் இடத்தில் நீலக் கயிற்றோடு கட்ட வேண்டும். நுனியில் எலுமிச்சை அளவு ஸ்பாஞ்ச். இரண்டு பக்கமும் இப்படி. நூல் நீட்டிக்கொண்டு நிற்பதில்லை, சீப்பில் வந்த முடி மாதிரி சுருண்டுதான் கிடக்கும். ஆகவே உல்லனை விரலால் கசக்கி விட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் வாக்குவாதம் இங்கேதான் வந்தது. உருண்டைக்குப் பெயின்ட் அடித்து, கம்பியை அழகாகச் சுற்றி, எல்லாம் பளிச்சென்று இருக்கும்போது இந்த நூல் மட்டும் சிடுக்காகத் தொங்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

“அத்தை, இத வெட்டிருவமா? ஜட்ஜு வந்தா ஏன் இப்படி அலங்கோலமா விட்டிருக்கீங்கன்னு கேப்பாரு.”

“கேக்கட்டும்டி. கேக்குறதுக்குத்தான விட்டிருக்கு.”

“வேற யாரு மாடல்லயும் இது இல்லையே.”

“அவுங்க படத்துல இருந்தத மட்டும் செஞ்சிருக்காங்க.”

அவள் முகம் தெளியவில்லை. செல்போனில், புரதத்தின் வடிவத்தைக் கணினியால் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டு தளத்தில் ஆல்ஃபா சங்கிலியை எடுத்துக் காட்டினேன். அங்கே கணினி தனக்கு நிச்சயமாகத் தெரிந்த பகுதியை நீலத்திலும், நிச்சயமில்லாததை ஆரஞ்சிலும் போடும். ஆல்ஃபாவின் பின்பாதியில் பெரும்பகுதி ஆரஞ்சு நிறத்தில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

இரண்டு ஸ்பாஞ்சிலும் நடு முடிச்சிலும் துண்டு வெல்க்ரோ ஒட்டுங்கள். ஃபைப்ரினோஜனாக இருக்கும்போது ஆல்ஃபா-சி நுனிகள் நடு முடிச்சை ஒட்டிக் கிடக்கின்றன, பீட்டா உறை வெட்டுப்பட்டதும் விடுபட்டுப் பக்கத்து இழைகளைத் தேடிப் போகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. வெல்க்ரோவைப் பிய்க்கிற சத்தம் வேறு கேட்கும், பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும்.

கடைசியாகக் காமா உருண்டையின் கோடியில் 10 சென்டிமீட்டர் சிவப்பு உல்லன். 398 முதல் 411 வரையுள்ள வால் அது. பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) வந்து பிடிப்பது இந்த வாலைத்தான்.

கோத்துக் காட்டுவது

ஒரு மூலக்கூறை மட்டும் வைத்து எதையும் காட்ட முடியாது. குறைந்தது மூன்று வேண்டும். நீள பெஞ்ச் ஒன்றில் இரண்டை முனையோடு முனை தொட வையுங்கள். மூன்றாவதை அவற்றுக்குப் பக்கத்தில், அதன் நடு முடிச்சு அந்தச் சந்திப்புக்கு நேராக வருகிற மாதிரி வையுங்கள். ஸ்ட்ரா உறையை உருவுங்கள். இரண்டு ஆல்ஃபா குமிழில் ஒன்று இடது மூலக்கூறின் காமா குழியிலும் மற்றது வலது மூலக்கூறின் காமா குழியிலும் போய் உட்காரும். பாதி நீளம் தள்ளித் தள்ளி அடுக்கு வரும். ஃபைப்ரின் இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் 22.5 நானோமீட்டருக்கு ஒரு பட்டை தெரிவது இந்தப் பாதித் தள்ளலால்தான். ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள், 45 சென்டிமீட்டர் வரும்.

தண்டில் கீல் இருப்பதன் அருமை இங்கே தெரியும். முதல் குமிழ் சுலபமாக உட்காரும், இரண்டாவது கொஞ்சம் தள்ளி நிற்கும். தண்டை லேசாக வளைத்தால் பொருந்திவிடும். மூங்கில் குச்சி மாடலாக இருந்தால் பெஞ்சையே நகர்த்த வேண்டும்.

இனி 13-ம் காரணி, அதாவது இழைகளைப் பிணைத்து உறுதியாக்குகிற நொதி. முனையோடு முனை தொடுகிற இடத்தில் இரண்டு சிவப்பு வால்களையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். ஒன்றின் 398 அல்லது 399-ல் இருக்கிற குளூட்டமின் மற்றதன் 406-ல் இருக்கிற லைசினோடு பிணைகிறது, அங்கிருந்து இங்கேயும் இங்கிருந்து அங்கேயும். குமிழும் குழியும் போட்ட பிடி கழன்றுவிடக்கூடியது, இந்த முடிச்சு கழலாது. பிளாஸ்மின் வந்து இரண்டு பக்கத்துக் கீல்களிலும் வெட்டினாலும் முனைகள் இரண்டும் சிவப்பு நூலில் சேர்ந்தே போகும். முனைப் பகுதிக்கு டி என்று பெயர், இரண்டு சேர்ந்தது டைமர். டி முனை இரண்டு, டி-டைமர். ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இதைக் கையால் காட்டுங்கள், புரிந்துகொள்வார்கள். கயிற்றை நிஜமாக வெட்டிவிட வேண்டாம்.

இழுத்தும் காட்டலாம். ஃபைப்ரின் இழை நாம் நினைப்பதைவிட அதிகம் இழுபடும். 2006-ல் சயன்ஸ் இதழில் வந்த அளவீட்டின்படி, ஒரு இழையை அதன் நீளத்தைப் போல 2.8 மடங்கு வரை இழுத்துவிட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பியது. அறுபடுவதற்குள் சராசரியாக நாலு மடங்குக்கு மேல் நீண்டது. அந்த நீளம் எங்கிருந்து வருகிறது? சுருண்டு கிடக்கிற ஆல்ஃபா-சி நூல் நீளும், தண்டின் சுருள் பிரியும், காமா உருண்டை அவிழும். எது முதலில், எது எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. மாடலில் நீங்கள் காட்ட முடிந்தது முதலாவது மட்டும். ஒரு மூலக்கூறின் ஸ்பாஞ்சை இன்னொன்றின் ஸ்பாஞ்சோடு வெல்க்ரோவில் ஒட்டி, இரண்டு மூலக்கூறையும் விலக்கிக்கொண்டே போங்கள்.

லேபில் பழைய முறையில் உறைவு பார்க்கும்போது நுனி வளைத்த மெல்லிய கம்பி ஒன்று வைத்திருப்போம். 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் டியூப் நிற்கும். த்ராம்பின் விட்டதும் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு, அந்தக் கம்பியைப் பிளாஸ்மாவுக்குள் விட்டு எடுத்து, விட்டு எடுத்துப் பார்ப்போம். கம்பி சும்மா வரும், சும்மா வரும், ஒரு தடவை நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு நூல் தொங்கிக்கொண்டு வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். வாட்சை நிறுத்த வேண்டிய நொடி அது. மேலே தூக்கத் தூக்க நூல் மெலிந்துகொண்டே வரும், லேசில் அறாது.

கேட்கிற கேள்விகள்

கால்சியம் எங்கே என்று கட்டாயம் கேட்பார்கள். காமா உருண்டையில் ஒரு மணியை ஒட்டிக் காட்டலாம், ஃபைப்ரினோஜனிலேயே கால்சியம் பிடித்திருக்கிறது. 13-ம் காரணிக்கும் அதற்கு முந்தைய பல படிகளுக்கும் கால்சியம் வேண்டும். உறைவு டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கிற நீல மூடி டியூபில் 3.2 சதவீத சிட்ரேட் இருக்கும், அது கால்சியத்தைப் பிடித்துவைத்து ரத்தம் டியூபிலேயே உறையாமல் பார்த்துக்கொள்ளும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். டியூபில் பாதி ரத்தம் மட்டும் எடுத்தால் ரிசல்ட் தப்பாக வரும், இது டெக்னீஷியன் ஆகப்போகிற பிள்ளைகளுக்கு.

மேலூர், அலங்காநல்லூர் பக்கம் வயல்வெளி ஊர்களில் இந்த மாடலைக் காட்டினால் கேள்வி வேறு திசையில் வரும்: விரியன் கடித்தால் ரத்தம் ஏன் நிற்பதில்லை? கண்ணாடி விரியனின் விஷம் உறைவுச் சங்கிலியில் மேலே உள்ள 10-ம் காரணியைத் தூண்டும், சுருட்டை விரியனின் விஷம் புரோத்ராம்பினை (த்ராம்பினின் முன்வடிவம்) நேராகவே தூண்டும். இரண்டிலும் முடிவு, தேவையில்லாத இடத்தில் த்ராம்பின் உண்டாகி ஸ்ட்ரா உறைகளைச் சரமாரியாக வெட்டுவது. ஃபைப்ரினோஜன் எல்லாம் வீணாகச் செலவாகிக் கரைந்துபோகும். அப்புறம் நிஜக் காயத்துக்குக் கட்டப் புரதம் மிச்சம் இல்லை. ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடி டியூபில் ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். ரத்தம் ஓடினால் புரதம் தீர்ந்துபோயிற்று என்று அர்த்தம். கேட்கிறவர்களிடம் அதோடு நிறுத்தாதீர்கள். கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கொண்டுபோவது

90 சென்டிமீட்டர் சாமான் டவுன் பஸ்ஸில் இடிபடும். கீல் இருப்பதால் கவலை இல்லை, இரண்டு தண்டையும் நடுவில் மடித்தால் துணிப்பைக்குள் அடங்கிவிடும். உருண்டைகளை மட்டும் செய்தித்தாளில் சுற்றுங்கள். ஸ்ட்ரா உறைகள் வழியில் விழுந்து தொலையும், கொஞ்சம் அதிகமாகவே வெட்டி ஒரு தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். மடிப்பதற்கு முன் ஸ்பாஞ்ச் இரண்டையும் நடு முடிச்சின் வெல்க்ரோவோடு ஒட்டிவிடுங்கள். திறந்து கிடந்தால் வெல்க்ரோ உல்லனைப் பிடித்துக்கொள்ளும், அங்கே போய்ச் சிடுக்கெடுக்க அரைமணி நேரம் ஆகும்.